குடிக்காதவன் தள்ளாட்டம்

பெரியவனை வேலையை விட்டு நிறுத்தியது ஒரு மழை நாளில். அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் இருக்கிற அறையில்தான் பாதி நாள் கிடப்பான் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'மேல்மாடி' என்று பேர் வைத்திருந்தார்கள். "மேல்மாடி வந்தாச்சா? காலியாத்தானே இருக்கு?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். தினமும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பான்.

அன்றைக்கு லிஃப்ட் கூண்டின் மேல்தட்டில் நின்று கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன், ஒரு காரணமும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தான். கைக்கு அகப்பட்ட இரும்புச் சட்டத்தைப் பிடித்து எப்படியோ தப்பித்தான். கீழே ஆறு மாடிப் பள்ளம். கூட இருந்தவன் போட்ட கூச்சலில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். பெரியவன் இறங்கி வந்த நடையைப் பார்த்தார். கால் இரண்டையும் அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு, ஆடுகிற படகில் நடக்கிறவன் மாதிரி வந்தான். இதற்கு முன்னால் இரண்டு கட்டடத்தில் குடியிருந்தவர்கள், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று புகாரும் சொல்லியிருந்தார்கள்.

"இனிமே வராதே. நீ செத்துத் தொலைச்சா நான்தான் உள்ளே போகணும்."

"சார், நான் குடிக்கல."

"குடிச்சவன் எவன் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டிருக்கான்?"

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணத்துக்கு முன்னால் அவன் குடித்தவன். மகள் பிறந்ததும் விட்டவன். அதனால் சந்தேகம் வர வழி இருந்தது. அவன் மனைவி, தங்கை பொடிசுக்கு அண்ணி, அவனை வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க," என்றாள். அவன் ஊதினான். வாசனை இல்லை. வாசனை இல்லாதது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை, கோபத்தைத்தான் கிளப்பியது. "நாத்தமே வராத சரக்கெல்லாம் இப்ப வந்துடுச்சாம்," என்று போனில் பொடிசிடம் சொன்னாள்.

பொடிசு பெரியவனின் தங்கை. நாற்பதை நெருங்கியும் வீட்டில் அவள் பொடிசுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை விளிம்பு தீட்டிச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் கூடி வந்து கடைசி நேரத்தில் தட்டிப்போனது. குடிகாரன் பெற்ற பெண் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அதில் பொய் இல்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அவர்கள் அப்பா குடித்தே அழிந்தார் என்பது ஊரறிந்த சங்கதி. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பது அவளுக்கு மங்கலாக நினைவிருந்தது. ஒருநாள் வெளியே போனவர் சாலையோரச் சாக்கடைக்குள் விழுந்து செத்துக் கிடந்தார். அப்போது அவருக்கு ஐம்பது ஆகியிருக்கவில்லை.

அம்மா பெரியவனோடுதான் இருந்தாள். அண்ணி கத்தும்போதெல்லாம் குறுக்கே போகமாட்டாள். ஒரே ஒரு தடவை மட்டும், "அப்பாவோட ரத்தம், வேற எப்படி இருப்பான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அப்பா பள்ளி வாசலில் தடுமாறி விழுந்ததைக் கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்தாள். அந்த வாரமே அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "என்னைக்கு விடறாரோ அன்னைக்கு வர்றேன்," என்று சொல்லிப் போனவள் ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் பெரியவன் மறக்க ஆரம்பித்தான். பொடிசின் கடை இருந்த கட்டடத்தில் ஒரு மத்தியானம் லிஃப்ட் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது என்று காவலாளி மேலே வந்து சொன்னார். அவள் போய்ப் பார்த்தாள். உள்ளே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். பொத்தான்களுக்கு நேராக விரலை நீட்டியபடி, எதை அமுக்குவது என்று தெரியாமல் நின்றான். விரல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"அண்ணா, என்னாச்சு?"

"இதை யார் மாட்டினது? தப்பா மாட்டியிருக்காங்க," என்றான். அந்த லிஃப்டை மாட்டியதே அவன்தான்.

பொடிசு அன்றைக்கே அவனை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். குதிகாலோடு விரல் இடிக்க நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், பெரியவனால் முடியவில்லை. தன் மூக்கையும் அவர் விரலையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். கை வழி தவறியது. மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை.

"எவ்வளவு குடிப்பார்?" என்று கேட்டார் டாக்டர்.

"குடிக்கல," என்றான் பெரியவன், பொடிசு வாயைத் திறக்கும் முன்னால்.

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "சரி. குடிக்கல. நான் நம்பறேன்."

இத்தனை நாளில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பெரியவன் குழந்தை மாதிரி விசும்பி அழுதான். பொடிசு சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் நம்பியிருக்கவில்லையே.

பரிசோதனைகள் மாதக்கணக்கில் நடந்தன. முடிவில் டாக்டர் அல்சைமராக இருக்கலாம் என்றார். "ஆனா ஒண்ணு எனக்கு ஒத்துவரல. இந்த நோய் முதல்ல ஞாபகத்துல கை வைக்கும். நடையில கை வைக்கிறது ரொம்பப் பிந்தித்தான். இவருக்கு அப்படியே தலைகீழா இருக்கு. வயசும் கம்மி."

"குணமாகுமா டாக்டர்?"

"ஆகாதும்மா. கொஞ்ச நாள் தள்ளிப்போடப் பார்க்கலாம். அதுவும் நிச்சயமில்லை."

அண்ணி செய்தி கேட்ட அன்றே திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்காமலே அவன் முன்னால் போய் நின்றாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து, வாயைத் திறந்து அவள் முகத்தில் ஊதினான். அவள் அவன் வாயைக் கையால் பொத்தி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் அவனைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இடுப்பில் துணி கட்டித் தன்னோடு பிணைத்துக்கொண்டு கூடத்துக்குள் நடத்தினாள். அவன் விழும்போது அவளும் விழுந்தாள். அம்மா சமைத்தாள், துணி துவைத்தாள். மகனைத் தொட்டுத் தூக்கும் வேலை வரும்போது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகத் தூக்குவாள். "எங்கே கத்துக்கிட்டீங்க அத்தை?" என்று ஒருதரம் அண்ணி கேட்டாள். அம்மா, "பிள்ளை பெத்தவளுக்கு இது ஒரு வித்தையா?" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மகளின் பேர் போனது. அண்ணியின் பேர் போனது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. தண்ணீர் தம்ளரை உதட்டருகே கொண்டுபோனால், "குடிக்கல" என்பான். பால் கொடுத்தால், "குடிக்கல." மருந்தைக் கரைத்துக் கொடுத்தால், கண்ணில் பயத்தோடு, "குடிக்கல, குடிக்கல." தம்ளரையே கண்ணில் காட்டாமல் கரண்டியில் ஊட்டிப் பார்த்தார்கள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கரண்டிக்கும், "ஆமாங்க, நீங்க குடிக்கல, எனக்குத் தெரியும்," என்று சொல்லுவாள். அவனுக்கு அது எட்டியதா என்று யாருக்கும் தெரியாது.

விழுங்குவதும் நின்றபின் நெஞ்சில் சளி கட்டி அவன் இறந்தான். நாற்பத்தொன்பது வயது.

நரம்பு டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். தயங்கித் தயங்கி, மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "அந்த நடை ஏன் அப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழியில்ல. உங்களுக்கும் தெரியணும்னு நினைக்கிறேன்."

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் அண்ணி. "அதை வச்சுக்கிட்டு அவர் இனிமே என்ன பண்ணப் போறார்?"

அம்மா கூடாது என்றாள். எப்போதும் குரல் உயர்த்தாதவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூச்சல் போட்டாள். "என் பிள்ளை தலையைப் பிளந்து நீங்க எதைத் தேடப் போறீங்க? போனவன் போயிட்டான், விட்டுத் தொலைங்க." பெற்றவள் வயிறு எரிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணி சம்மதம் கொடுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. பொடிசும் அண்ணியும் போனார்கள். நரம்பு டாக்டரோடு ஒரு பெண் டாக்டரும் இருந்தார். மூளையைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறவர். அறையில் பார்மலின் நெடி. கண்ணை உறுத்தியது.

"பார்க்க விரும்பறீங்களா? கட்டாயமில்ல," என்றார் பெண் டாக்டர்.

அண்ணி தலையை ஆட்டி மறுத்தாள். பொடிசு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கண்குழாயையும் தன் கண்ணின் இடைவெளிக்கு நகர்த்தி, குமிழைத் திருகித் தெளிவாக்கினாள். வெளிர்நீலத்தில் மடிப்பு மடிப்பாக, ஒரு செடியின் கிளைகள் மாதிரி விரிந்திருந்தது. அழகாகக்கூட இருந்தது. அதன் மேலெல்லாம் பழுப்புத் திட்டுகள். டீ தெறித்த துணியைப் போல, எங்கே நகர்த்தினாலும் திட்டு.

"இது சிறுமூளை," என்றார் பெண் டாக்டர். "பின்னந்தலைக்குக் கீழே இருக்கறது. நடை, நிலை, கை நேராப் போறது எல்லாத்தையும் இது கவனிச்சுக்கும். அந்தப் பழுப்பு, புரதப் படிவு. சாதாரணமா அல்சைமர்ல இது பெருமூளையில ஆரம்பிச்சு, சிறுமூளைக்குக் கடைசியாத்தான் வரும். வந்தாலும் புகை மாதிரி லேசா இருக்கும். இவருக்கு கட்டி கட்டியா, அடர்த்தியா இருக்கு."

"இதனாலதான் தள்ளாடினாரா?" என்று கேட்டாள் அண்ணி.

"நேர்மையாச் சொல்லணும்னா, இந்தப் படிவு மட்டும்தான் காரணம்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியாது. படிவு இருந்தும் நல்லா நடக்கிறவங்க இருக்காங்க. ஆனா இந்த வயசுல, இவ்வளவு அடர்த்தியா, கூடவே அந்த நடையும் இருந்தா, நாங்க ஒண்ணைச் சந்தேகப்படுவோம். மரபணுவையும் பார்த்தோம். சந்தேகம் சரிதான்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "இது பரம்பரையா வர்றது. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பொடிசு கண்குழாயிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

நரம்பு டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அப்பா எப்படி இறந்தார்?"

"மாமனாரா? குடிச்சே செத்தார்," என்றாள் அண்ணி. சொன்னவுடனே அவள் முகம் மாறியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா கல்லூரியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அண்ணி செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அத்தை, மாமா நிஜமாவே குடிச்சாரா?"

அம்மாவின் கை நின்றது. பிறகு கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"குடிச்சாரா அத்தை?"

"தொட்டதில்ல," என்றாள் அம்மா. "வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல அந்த மனுஷன்."

பாப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்புறம் ஏம்மா?" என்றாள் பொடிசு.

"அவங்கப்பாவும் அப்படித்தான் நடந்தாராம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். கொழுந்தன் ஒருத்தன் இருந்தான், அவனும் அப்படியே போனான். அக்கம்பக்கத்துல பேச ஆரம்பிச்சாங்க. பைத்தியம் பிடிக்கிற வம்சம்னு. அன்னைக்குத்தான் நான் முந்திக்கிட்டேன். குடிக்கிறாருன்னு நானே நாலு பேர்கிட்டச் சொன்னேன். குடிகாரன் வீடுன்னா பொண்ணு கொடுப்பாங்க, யோசிச்சாவது கொடுப்பாங்க. வம்சத்துலயே கோளாறுன்னா யாருடி வருவா? உங்க ரெண்டு பேரையும் கரையேத்தணும்ல?"

"என்னைக் கரையேத்திட்டியா?" என்றாள் பொடிசு.

அம்மா மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி. "உங்க பிள்ளைக்கு?"

"தெரியாது. அவனுக்கு அப்படி வராதுன்னுதான் நினைச்சேன். அவன் நடை மாறினதைப் பார்த்த அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சு என்ன பண்ண? மருந்தா இருக்கு?"

"மருந்து இல்ல. சரி." அண்ணி சுவரில் சாய்ந்து நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அவர் வாயை மோந்து பார்த்திருக்க மாட்டேன் அத்தை. ஒரு வருஷம் தனியா விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன். அந்த ஒரு வருஷம்தான் அவருக்கு முழுசாப் பேச்சு இருந்துச்சு."

அவள் கத்தியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். அண்ணி கத்தவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். பாப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அப்போ எனக்கும் பாதிக்குப் பாதியா அத்தை?" என்று பொடிசைக் கேட்டாள். பொடிசு அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அண்ணியும் பாப்பாவும் வேறு ஊரில் வீடு பார்த்துப் போனார்கள். அம்மாவோடு அண்ணி அதற்கப்புறம் பேசவே இல்லை. பொடிசு தன் அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்து தங்கினாள். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே வீட்டில் ஒருத்தரோடு ஒருத்தர் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டு இருந்தார்கள். ஒருதரம் அம்மா, "என்னைத் திட்டவாவது செய்," என்றாள். "திட்டினா போயிடுமா?" என்றாள் பொடிசு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாப்பா பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கூடவே படிக்கிற ஒரு பையன்மேல் பிரியம் இருந்தது. அவனிடம் உள்ளதைச் சொன்னாள். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். "நல்லவன்தான் அத்தை," என்றாள் போனில். "பொய் சொல்லத் தெரியல அவனுக்கு. அதான் போனையே எடுக்க மாட்டேங்கறான்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அவள் அப்பாவுடையது.

பொடிசு பரிசோதனை செய்துகொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, பிள்ளை குட்டியும் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் பார்த்த அந்தப் பழுப்புத் திட்டுகள் கண்ணை மூடினால் வந்தன. கடையில் லென்ஸைத் துடைக்கும்போது அதில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நரம்பு டாக்டர் முடிவைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். இருக்கிறது.

"எப்ப ஆரம்பிக்கும்?"

"அண்ணனுக்கு ஆரம்பிச்ச வயசு உனக்கு இப்பவே தாண்டியாச்சு. சிலருக்குக் கொஞ்சம் பிந்தும். அவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும்."

அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எழுபத்தைந்து வயதிலும் அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, மூன்று மாடி ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காது. எந்தக் கோளாறும் அவள் பக்கத்து ரத்தத்தில் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சாலையைக் கடக்க நடைபாதையிலிருந்து இறங்கும்போது பொடிசு படியின் உயரத்தைத் தப்பாக எடைபோட்டாள். கால் காற்றில் தொங்கி, பிறகு தடாலென்று இறங்கியது. விழவில்லை. பை மட்டும் கைநழுவித் தக்காளி உருண்டது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அவள் குனிந்து பொறுக்கினாள். ஒரு தக்காளியை எடுக்கப் போன விரல் அதைத் தாண்டிப் போய்த் தார்ச்சாலையில் பட்டது.

அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பொடிசின் பின்பக்கமாக வந்து, அக்குளுக்குக் கீழே மேல்கையை ஒரு கையாலும், இடுப்பை ஒரு கையாலும் பிடித்தாள்.

"விடும்மா. செருப்பு வழுக்கிடுச்சு."

"சரி, செருப்புதான். நட."

விளக்கு மாறியது. வண்டிகள் நின்றன. அம்மா அவளைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பொடிசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் அம்மாவின் கை முன்னாலேயே இருந்தது.

"எத்தனை நாளா?" என்று நடுச்சாலையில் கேட்டாள் அம்மா.

"இப்பத்தான்."

"சரி," என்றாள் அம்மா. "வண்டி வருது, பார்த்து நட."